கார் நிக்கிற எடத்துல மாப்ளையப் படுக்க வெச்ச கதை

எனுக்கு வாய் ஜாஸ்தி. வயித்துல இருக்கச்சொல்லயே பேசிகினு இருந்தேன்னு எங்கம்மா இன்னிக்கும் சொல்லும். தண்ணி கேன் போடறவன் நான். அம்பத்தூராண்ட மேனாம்பேடுல எந்த ஃப்ளாட்ல எத்தினி படின்னு கேட்டா கண்ண மூடிகினு சொல்லுவேன். கேன தோள்ல வெச்சிகினு மூணாவது மாடி ஏறச்சொல்ல கூட வாய் ஓடிகினே இருக்கும். மூச்சு வாங்கும், பேச்சு நிக்காது.

அப்பேர்ப்பட்ட வாய காலீல ஒம்போது மணிக்கு மூடி சாயங்காலம் அஞ்சு மணிக்கு தொறந்த நாள் ஒண்ணு கீது. அத்தத்தான் சொல்ல வரேன். நான் வாய மூடினது ஒண்ணும் பெருசில்ல. அந்த நேரத்துல ரெண்டு பேர் இன்னா பண்ணாங்கன்றதுதான் பெருசு.

மொத ஆளு எங்க மாப்ள. என் தங்கச்சி புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்டறான். நாளைக்கு பத்து வார்த்த பேசுவான், அதுல அஞ்சு "ம்"ன்னு இருக்கும். கல்யாணமாகி ஏழு வருசம் அவங்களுக்கு கொழந்த இல்ல. பாக்காத டாக்டரு இல்ல. எட்டாவது வருசம் தங்கச்சி முழுவாம இருந்தா. அஞ்சாவது மாசத்துல ஒரு நாள் ரத்தப்போக்கு ஆயிடுச்சி. ஆஸ்பத்திரி வராண்டாவுல நாங்கல்லாம் கத்திகினு ஓடிகினு இருந்தோம், மாப்ள மட்டும் செவத்தப் பாத்துகினு நின்னான். அப்பதான் வேண்டிகினு கீறான். கொழந்த நல்லபடி தங்கினா திருத்தணிக்கு நடந்தே போயி நடந்தே வரேன்னு.

போறதுக்கு நடக்கற ஆளுங்க ஆடி மாசத்துல ஆயிரம் பேர் கீறாங்க. வரதுக்கும் நடக்கறேன்னு சொன்ன ஆள நான் பாத்ததில்ல. மலை எறங்கினதும் எல்லாரும் ரயிலு ஏறி சீட்டுல சாஞ்சிகினு கொறட்ட உட்டுகினு வருவாங்க. நான் கேட்டேன், "இன்னா மாப்ள, முருகரே ரிட்டன் டிக்கெட்டு கேக்க மாட்டாரே?"

"ம்," ன்னான்.

எங்க தெரு முருகன் கோயில்ல மாலை போட்டான். மஞ்ச வேட்டி, வெறுங்காலு, ஒரு வேள சோறு. போனக் கூட பொண்டாட்டி கைல குடுத்துட்டான். திரும்பி வந்து அதே கோயில்ல தேங்கா ஒடச்சி மாலைய கயட்டினாதான் வேண்டுதல் முடிஞ்சதா கணக்கு. அது வரைக்கும் பாதிதான்.

தனியா அனுப்பக் கூடாதுன்னு எங்கம்மா என்ன தொணைக்கு அனுப்பிச்சி. நான் மாலை போடல. கறி துன்னக் கூடாதுன்னாங்க, அதோட கைய எடுத்துட்டேன். நான் போனதுக்கு பக்தி காரணம்னு சொன்னா முருகரே சிரிப்பாரு. வழி நெடுக பந்தல் போட்டு புளி சாதம், தயிர் சாதம், பானகம்லாம் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். மெய்யாலுமே குடுத்தாங்க. போவச்சொல்ல நான் ஒரு சுத்து பெருத்துட்டேன். வெறுங்கால்ல கெளம்பினவன் ஆவடி தாண்டறதுக்குள்ள ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிகினேன். வெறுங்கால்ல வரேன்னு நான் யாருக்கும் வாக்கு குடுக்கல.

வரச்சொல்லதான் தெரிஞ்சிது. திரும்பி நடக்கறவனுக்கு எவனும் பந்தல் போடறதில்ல. எதிர்ல காவடி தூக்கிகினு கூட்டம் கூட்டமா வராங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் அவங்களுக்கு எதிர்ல போறோம். ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தராவது நின்னு சொல்லுவாங்க, "அண்ணாத்தே, கோயிலு அந்தாண்ட கீது. வழி மாறி போறீங்க."

மாப்ள சிரிச்சிட்டு நடப்பான். நான்தான் ஒவ்வொருத்தருக்கும் நின்னு வேண்டுதல் கதைய வெளக்குவேன். திருவள்ளூர் வரதுக்குள்ள எங்க ஊட்டு கதை அந்த ரோட்டுக்கே தெரிஞ்சிபோச்சி.

மாப்ள காலு ரெண்டும் கொப்புளம். ஒண்ணு ஒடஞ்சி தோலு உரிஞ்சி தொங்குது. தாரு ரோட்டு ஓரத்துல வெள்ள கோடு கீது பாரு, அதுல சூடு கம்மின்னு அந்த கோட்டு மேலயே கால் மாத்தி கால் வெச்சி வருவான். ஒரு தபா கூட உஸ்ஸுன்னு சொன்னதில்ல. நான் செருப்பு மாட்டிகினு முட்டி வலிக்குதுன்னு பாட்டு பாடிகினு வந்தேன்.

கடசி நாளு காலீல பட்டாபிராம் வந்தோம். மணி ஒம்போது இருக்கும். என் போன் அடிச்சிது. எங்கம்மா.

"எங்க கீற?"

"பட்டாபிராம்."

"அவரு பக்கத்துல கீறாரா?"

"கீறான்."

"தள்ளி வா."

தள்ளி வந்தேன். எங்கம்மா சொல்லிச்சி, "பொண்ணு பொறந்துகீது. விடிகாலைல வலி வந்து ஆவடி ஆஸ்பத்திரிக்கு கூட்டாந்தோம். தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க. தேங்கா ஒடைக்கிற வரைக்கும் அவரு காதுல போடாத. போட்ட, உன்ன ஊட்டுக்குள்ள சேக்க மாட்டேன்."

அதுக்கு ஒரு வெளக்கம் சொல்லணும். எங்க பக்கம் கொழந்த பொறந்தா அப்பனுக்கும் பங்காளிங்களுக்கும் தீட்டு. கொஞ்ச நாளைக்கு கோயில் படி மிதிக்கக் கூடாது. மாலை போட்டவன் காதுல சேதி வியுந்துச்சின்னா அந்த நிமிசமே மாலைய கயட்டிடணும், விரதம் அங்கயே நின்னுபோச்சி. மறுபடி அடுத்த வருசம் மொதல்லேர்ந்து. ஆனா காதுல வியாத வரைக்கும் தீட்டு ஒட்டாது. தாய்மாமனுக்கு இந்த தீட்டுல பங்கு கெடையாது. அதான் எங்கம்மா என் கைல சொல்லிச்சி. உலகத்துல வேற ஆளே இல்லாத மாதிரி என் கைல.

ரெண்டு வாரம் கயிச்சிதான் டேட்டு குடுத்திருந்தாங்க. அதுக்குள்ள வந்து நிக்கிறா எங்க மருமவ. வேண்டுதல் முடிய இன்னும் மூணு மணி நேர நடைதான் பாக்கி. மாப்ளைக்கு இந்த வேண்டுதல் இன்னான்னு எனுக்கு தெரியும். அது கொறயா நின்னுச்சின்னா புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தா கூட தன் தப்புன்னு நெனச்சிகினு வாழ்நாள் பூரா செவத்தப் பாத்துகினு நிப்பான்.

போன வெச்சிட்டு வந்தேன். மூஞ்ச கல்லு மாதிரி வெச்சிகினேன்.

"யாரு மச்சான்?"

"கேன் கம்பெனி."

அவன் என்ன ஒரு நொடி பாத்தான். அப்பால நடக்க ஆரம்பிச்சான். நானும் நடந்தேன். வாய தொறந்தா இன்னா வருமோன்னு பயம். நான் எந்த பேச்ச ஆரம்பிச்சாலும் கடசில ஊட்டு கதைலதான் போயி முட்டும், அது என் வாயோட ராசி. அதனால மொத்தமா இயுத்து சாத்திட்டேன்.

ஆவடில அந்த ஆஸ்பத்திரி ரோட்டு மேலயே கீது. தங்கச்சிக்கு மாசா மாசம் செக்கப்பு பாத்த அதே எடம். வாசல்ல எங்க சித்தப்பா பீடி குடிச்சிகினு நின்னா இன்னா பண்றது? எனுக்கு வேர்த்து ஊத்துது. ரோட்டுக்கு அந்தாண்ட ரயில் தண்டவாளம். மாப்ளைய கைய புடிச்சி அந்தாண்ட இஸ்துகினு போயி, "மாப்ள, ரயிலு பாரு," ன்னேன்.

முப்பத்தஞ்சு வயசு ஆளு. சின்ன வயசுலேர்ந்து அந்த ரயில பாத்துகினு கீறவன். மறுவார்த்த பேசாம தலைய திருப்பி ரயிலப் பாத்தான். ஆஸ்பத்திரி தாண்டற வரைக்கும் பாத்தான்.

நான் பெரிய கில்லாடின்னு எனுக்கு நானே தட்டி குடுத்துகினேன்.

திருமுல்லைவாயல் வரச்சொல்ல சேதி தொண்ட வரைக்கும் வந்துடுச்சி. வாய்ல ஏதாவது போட்டு அடச்சாதான் ஆவும்னு ஒரு கடைல குந்தினேன். இட்லி, வடகறி. மாப்ள மோரு மட்டும் குடிச்சிட்டு காலத் தூக்கி வெச்சிகினு கம்முனு இருந்தான். எனுக்கு வடகறி நல்லா இருந்துச்சி, ரெண்டாவது தபா வாங்கினேன். அரை மணி போச்சி. அந்த அரை மணிதான் எல்லாத்தயும் கெடுத்துச்சி.

மேனாம்பேடு வந்து கோயிலாண்ட நின்னா கதவு பூட்டிகீது. மணி பன்னெண்டே கால். பன்னெண்டுக்கு நட சாத்திடுவாங்க. பூசாரிக்கு போன் போட்டேன்.

"இவ்ளோ நேரம் ஒங்களுக்காகதான் குந்திகினு இருந்தேன்," ன்னாரு. "இப்பதான் வண்டி ஏறினேன். காட்டுப்பாக்கத்துல சொந்தக்காரங்க கோயில்ல கூழ் ஊத்தறாங்க. சாவி என் இடுப்புல கீது. நாலரைக்கு வந்துடறேன். அது வரைக்கும் எங்கயாவது படுங்க."

எங்க படுக்கறது? மாப்ள ஊடு ரெண்டு தெரு தள்ளி, அங்க பூரா பங்காளிங்க, எல்லாரும் தீட்டுல கீறாங்க, உள்ள போனாலே தெரிஞ்சிடும். எங்க ஊட்ல தங்கச்சிய பிரசவத்துக்கு கொண்டாந்து வெச்சிருந்தோம், இப்ப பூட்டு தொங்குது. சரி, டீக்கடை பெஞ்சுல கொஞ்ச நேரம் குந்தலாம்னு திரும்பினா, கடைக்காரன் என்னப் பாத்து பல்லு முப்பத்திரண்டும் தெரிய கைய நீட்டிகினு வரான்.

"மாமே, இன்னா சேதி கேள்விப்பட்டேன்..."

நான் பாஞ்சி போயி தட்டுலேர்ந்து ஒரு வடைய எடுத்து அவன் வாய்ல வெச்சி அமுத்தினேன். அப்பதான் சட்டிலேர்ந்து எடுத்து போட்டிருக்கான் போல. அவன் கண்ல தண்ணி தார தாரையா ஊத்துது. காதுல ரகசியமா சொன்னேன், "மாலை போட்டுகினு கீறான்டா." பாவம், அவனும் இந்த ஊருதான், புரிஞ்சிகினான். வடைய முழுங்கிட்டு தலைய மட்டும் ஆட்டினான்.

மாப்ள தூரத்துலேர்ந்து கேட்டான், "இன்னா மச்சான் ஆச்சி அவனுக்கு?"

"பசியாம்."

"ஊட்டுக்கு போலாமா? கொஞ்ச நேரம் படுத்தா போதும்."

"ஊட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க."

நெறமாச புள்ளத்தாச்சிய வெச்சிகினு எவனாவது பெயிண்ட் அடிப்பானா? எனுக்கு வாய்ல வந்தது அதுதான். மாப்ள என்ன பாத்தான். அப்பால தரையப் பாத்தான். "ம்," ன்னான்.

தெருவுல நிக்க நிக்க ஆபத்து. எவன் வேணா வந்து கை குடுப்பான். ஊரு முச்சூடும் எங்களத் தெரிஞ்சவங்க. அப்பதான் ஃப்ளாட் ஞாபகம் வந்துச்சி. எதுத்த ஊட்ல யாரு கீறாங்கன்னு தெரியாத எடம். எல்லாரும் வெளியூரு, காலைல பேக்க மாட்டிகினு போனா ராத்திரிதான். எனுக்கு அன்னிக்கு அந்த மாதிரி யாரும் யாரையும் கேக்காத எடம்தான் வேணும்.

மாப்ளைய கேட்டாண்ட நெழல்ல நிக்க வெச்சிட்டு மூணாவது மாடிக்கு ஓடினேன். அங்க ஒரு பொண்ணு, சாத்தூர் பக்கம் சொந்த ஊரு. கம்ப்யூட்டர் வேல, ஊட்லேர்ந்தே பண்ணும். கேன் எறக்கச்சொல்ல எப்பவும் ஒரு சொம்பு மோரு குடுக்கும். அதான் ரெண்டாவது ஆளு.

கதவ தொறந்துச்சி. தலைல ஹெட்போனு. "கேன் நேத்துதானண்ணே போட்டீக?"

நான் மூச்சு வாங்கிகினு எல்லாத்தயும் கொட்டினேன். காலீலேர்ந்து அடக்கி வெச்சது. மாலை, வேண்டுதல், பொண்ணு பொறந்தது, ரயிலு, வடகறி, பூசாரி, சாவி, பெயிண்ட், எல்லாம். வரிசையா சொன்னேனான்னு தெரியல. அந்த பொண்ணு ஹெட்போன கயட்டி கைல வெச்சிகினு கேட்டுச்சி. வெளியூரு, படிச்ச பொண்ணு, தீட்டுன்னா சிரிக்கும்னு நெனச்சேன்.

"எங்க ஊர்லயும் இப்படித்தாண்ணே," ன்னுச்சி. "காதுல விழுகாம பாத்துக்கிறணும். வீட்டுக்குள்ள கூப்புடலாம், ஆனா நான் ஒத்தைல இருக்கேன், அவுகளும் கூச்சப்படுவாக. எங்க வீட்டுக்காரரு கார எடுத்துட்டுப் போயிட்டாரு. கீழ எங்க பார்க்கிங் சும்மாதான் கெடக்கு. நல்லா குளுகுளுன்னு இருக்கும். அங்க படுக்கச் சொல்லுங்க, இந்தா வாரேன்."

கீழ தூணுங்களுக்கு நடுவுல கார் நிக்கிற எடம். தரைல வெள்ள பெயிண்ட்ல நெம்பர் போட்டுகீது. இந்தாண்ட ஒரு காரு, அந்தாண்ட ஒரு காரு, நடுவுல எங்க மாப்ள. கார நேரா உள்ள உட்டு நிறுத்தற மாதிரி தலைய செவுத்துப் பக்கம் வெச்சி படுக்க சொன்னேன்.

அதுக்குள்ள அந்த பொண்ணு எறங்கி வந்துச்சி. கக்கத்துல பாயி, கைல தலகாணி. பாயிக்கு மேல சுத்தின பிளாஸ்டிக்க அங்கதான் பிரிச்சிது, புதுசு. தலகாணிய நீட்டினா மாப்ள கைய எடுத்து கும்பிட்டான். "மாலைல கீறேன்மா. தலகாணி வேணாம்."

"அய்யோ, மறந்துட்டேண்ணே," ன்னு முதுகுக்கு பின்னால ஒளிச்சிகிச்சி. "நான் குளிச்சாச்சி. எங்க வீட்ல இன்னைக்கு சைவந்தான். தண்ணி குடிக்கலாம்ல?"

இந்த பொண்ணுக்கு யாரு சொல்லி குடுத்தாங்கன்னு தெரியல. மறுபடி மேல ஓடி ஒரு டப்புல சுடுதண்ணி, கல்லுப்பு போட்டு கொண்டாந்துச்சி. ஒரு கைல டப்பு, இன்னொரு கைல போனு, காதுல ஹெட்போனு, அதுல இங்கிலீஷ்ல யாரோ கத்திகினு கீறான். அது "எஸ், எஸ்"ன்னுது, எங்கள பாத்து "காலை வைங்கண்ணே"ன்னுது. லண்டன்காரனும் மாப்ள காலும் ஒண்ணா நடக்குது.

மாப்ள காலு தண்ணில பட்டதும் பல்ல கடிச்சான். தண்ணி நெறம் மாறிச்சி. அந்த பொண்ணு அத்தப் பாத்துட்டு துண்டு ஒண்ண பக்கத்துல வெச்சிட்டு மேல போச்சி.

நடுவுல ஒரு பெரியவரு ஸ்கூட்டர நிறுத்திட்டு எங்கள ஒரு மாதிரி பாத்தாரு. அந்த அசோசியேஷன்ல ஏதோ பொறுப்புல கீறவரு. "யாருப்பா நீங்க, இங்கல்லாம் படுக்கக் கூடாது," ன்னாரு. மாடிப்படி திருப்பத்துலேர்ந்து கொரலு வந்துச்சி, "எங்க அண்ணன்மாருங்க சார். எங்க பார்க்கிங்லதான படுத்திருக்காக." அவரு என்ன நல்லா பாத்தாரு. தெனம் கேன் போடறவன் எப்ப சாத்தூரான் ஆனான்னு யோசிச்சிருப்பாரு. ஆனா போயிட்டாரு.

மாப்ள கண்ண மூடிகினு படுத்தான். நான் தூண்ல சாஞ்சி குந்திகினேன். ஒரு மணி போச்சி. ஆளு அசையல. தூங்கிட்டான், எல்லாம் என் சாமர்த்தியம்னு நெனச்சிகினு நானும் லேசா கண்ண அசந்தேன்.

படில அந்த பொண்ணு என்ன கைய காட்டி கூப்புட்டுச்சி. போனேன். மெதுவா சொல்லுச்சி, "அண்ணே, அவுக தூங்கல."

"தூங்கறான்மா. கண்ணு மூடிகினுதான கீது."

"படியில இருந்து பாத்தேன். கண்ணுல இருந்து தண்ணி காதுக்கு ஓடுது. நீங்க காலைல இருந்து பேசலைல்ல?"

"ஒரு வார்த்த பேசலையே," ன்னேன் பெருமையா.

"எனக்கு கேன் போட வாரப்ப எங்க வீட்டுப் பூனைகிட்ட கூட நின்னு பேசுவீக. நீங்க ஒரு நா முழுக்க பேசலைன்னா அவுக என்னண்ணே நினைப்பாக? போன் வந்துச்சி, நீங்க வாயை மூடிட்டீக. ஆஸ்பத்திரி தாண்டயில ரயிலப் பாருன்னீக. வீட்டுக்கு விடமாட்டேங்கிறீக."

எனுக்கு அப்பவும் புரியல. "கொழந்த பொறந்தத கண்டுபுடிச்சிடுவானோ?"

"பொறந்திருக்குன்னு தெரிஞ்சிருக்கும்ணே. எப்படிப் பொறந்துச்சின்னுதான் தெரியல. அஞ்சாம் மாசம் பயந்துட்டு வேண்டுனவுக. நீங்க மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு மறைச்சா, நல்ல சேதியவா மறைக்கீகன்னு நினைப்பாக?"

படியிலயே குந்திட்டேன். பட்டாபிராம்லேர்ந்து நான் அந்த ஆள எரியற தீயில நடக்க வெச்சி கூட்டாந்து கீறேன். பெரிய கில்லாடின்னு நெனச்சிகினு. எழுந்து ஓடிப் போயி சொல்லிடலாம்னு கால எடுத்தேன். அந்த பொண்ணு குறுக்க கைய நீட்டிச்சி.

"சொன்னா நடந்ததெல்லாம் போச்சுல்ல? அவுக அதுக்காகத்தான் கேக்காம கெடக்காக. இருங்க. பத்து நிமிசம்."

மேல போச்சி. கொஞ்ச நேரத்துல மாடிலேர்ந்து நெய் வாசன எறங்குச்சி. ரவைய வறுக்கறாங்க. முந்திரி பொரியற வாசன. நடுவுல "எஸ், எஸ்"ன்னு இங்கிலீஷ்ல பேசற சத்தமும் வருது.

தட்டுல கேசரி கொண்டாந்துச்சி. சூடா, ஆரஞ்சு கலர்ல, ஆவி பறக்குது. பாய் ஓரமா குந்திச்சி.

"அண்ணே, எந்திரிங்க. இன்னைக்கு எனக்கு என்னமோ மனசு நெறைஞ்சி இருக்கு, இனிப்பு செய்யணும்னு தோணுச்சி. ஒங்க மச்சானும் சாப்புடட்டும். மாலைக்கு ஆகும்ல, நெய்யில செஞ்சதுதான்."

அவ்ளோதான் சொல்லுச்சி. சொல்லிட்டு நல்லா மூஞ்சி பூரா சிரிச்சிது.

மாப்ள எழுந்து குந்தினான். தட்டப் பாத்தான். அப்பால அந்த பொண்ணு மூஞ்சப் பாத்தான். அப்பால என்னப் பாத்தான். நான் எதுக்கும் இருக்கட்டும்னு எனுக்கு தெரிஞ்ச அளவுக்கு பல்லக் காட்டினேன். தட்ட ரெண்டு கையாலயும் வாங்கி மடில வெச்சிகினான். ஒரு வா எடுத்து வாய்ல வெச்சான். அது உள்ள எறங்கறதுக்குள்ள தோளு ரெண்டும் குலுங்க ஆரம்பிச்சிடுச்சி. சத்தம் இல்ல. அந்த பொண்ணு எழுந்து அந்தாண்ட போயி காருக்கு பக்கத்துல நின்னு போன்ல ஏதோ பாக்கற மாதிரி பாத்துகிச்சி.

தட்டுல ஒரு துளி மிச்சம் வெக்கல. துன்னுட்டு, கைய கழுவிட்டு, திரும்ப பாய்ல சாஞ்சான். இந்த தபா மெய்யாலுமே தூங்கினான். அந்த தெருவுல எந்த வண்டிக்கும் அப்டி ஒரு சத்தம் கெடையாது. பக்கத்துல நின்ன காரே நடுங்கிச்சி. ரெண்டு மணி நேரம் பொரண்டு கூட படுக்கல. நாலு நாளா ரோட்டோரம், பந்தல், கோயில் மண்டபம்னு எங்கெங்கயோ படுத்தான், அப்டி தூங்கி நான் பாக்கல.

நாலரைக்கு பூசாரி போன் பண்ணாரு. மாப்ளைய எழுப்பினேன். போவறதுக்கு முன்னாடி அந்த பொண்ணு முன்னால நின்னு கும்பிட்டான். அதுவும் கும்பிட்டுச்சி. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. நடுவுல நான் வேற நிக்கிறேன், நானும் பேசல.

கோயில்ல அஞ்சு நிமிசம்தான் வேல. வெளக்கு ஏத்தினாரு. மாப்ள தேங்காய ஒடச்சான், ஒரே அடி, ரெண்டா சமமா வியுந்துச்சி. பூசாரி மாலைய கயட்டி தட்டுல வெச்சாரு. நெத்தில துன்னூறு வெச்சாரு. எனுக்கு தொண்டைல சேதி துடிக்குது. வாய தொறந்தேன்.

மாப்ள கைய காட்டி நிறுத்தினான். நொண்டிகினே நடந்தான். படி எறங்கினான், கேட்ட தாண்டினான், ரோட்டுல ரெண்டு காலயும் வெச்சி நின்னு, திரும்பி பாத்தான். கோயிலுக்குள்ள இருக்கச்சொல்ல காதுல வியக்கூடாதுன்னு அவனுக்கு அந்த நேரத்துலயும் ஞாபகம்.

"சொல்லு மச்சான். பொண்ணா, பையனா?"

"பொண்ணு மாப்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

கோயில் எதுத்தாப்ல கை பம்பு கீது. அங்க போயி குந்திகினு, "அடி மச்சான்," ன்னான். நான் அடிச்சேன். வேட்டியோட தலைல தண்ணி ஊத்திகினான், தீட்டுக்கு. தண்ணில அழுதா வெளிய தெரியாதுன்னு எனுக்கும் தெரியும், அதனால நான் வேகமா அடிச்சேன்.

"நடந்தே போலாமா ஆவடிக்கு?" ன்னு கலாய்ச்சேன்.

"ஆட்டோ கூப்புடு. இனிமே ஒரு அடி வெக்க மாட்டேன்."

ஈரத்தோட ஆட்டோல ஏறினோம். டிரைவரு கண்ணாடில மொறச்சிகினே வண்டிய எடுத்தாரு. கொஞ்ச தூரம் போனதும் மாப்ள சொன்னான், "பட்டாபிராம்லயே தெரிஞ்சிபோச்சி மச்சான். நீ வாய மூடின பாரு, அப்பவே. ரயில பாக்க சொன்னதும் காலு ரெண்டும் எனுது மாதிரியே இல்ல. அந்த பொண்ணு தட்ட வெக்கற வரைக்கும்..." அதோட நிறுத்திட்டான்.

"அப்ப ஏன் மாப்ள ஒரு வார்த்த கேக்கல? பொறந்துச்சான்னு கேக்க வேணாம், தங்கச்சி எப்டி கீறான்னாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ சொல்லிடுவ மச்சான்."

நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம், பொண்டாட்டி உசுரோட கீறாளான்னு தெரியாம, கேட்டா பதில் வந்துடும்னு தெரிஞ்சே கேக்காம ஒரு ஆளு நடந்தான், படுத்துகினு கெடந்தான். அந்த ஆளு பக்கத்துல ரெண்டு பிளேட்டு வடகறி துன்ன ஆளு நான்.

டிரைவரு பொறுக்க முடியாம கேட்டாரு, "இன்னா நைனா, சீட்ட பூரா நனச்சிட்ட, ஏரில வியுந்துட்டியா?"

நான் பதில் சொல்ல வாய தொறந்தேன். அதுக்குள்ள மாப்ள முன்னால சாஞ்சி, அவர் தோள தொட்டு சொன்னான், "எனுக்கு பொண்ணு பொறந்துகீது அண்ணே. காலீல பொறந்துச்சாம். ஏழு வருசம் கயிச்சி. திருத்தணிக்கு நடந்துட்டு வரோம், போகவும் வரவும்."

திருமுல்லைவாயல் சிக்னல்ல வண்டி நின்னுச்சி. பக்கத்துல ஒரு பைக்கு. அவன் யாருன்னே எங்களுக்கு தெரியாது. மாப்ள தலைய வெளிய நீட்டி அவன் கைலயும் சொன்னான். அவன் ஹெல்மெட்ட தூக்கி, "இன்னா பேரு வெக்க போறீங்க?"ன்னு கேட்டான். அதுக்கும் மாப்ள பதில் சொல்லிகினே இருந்தான், சிக்னலு பச்ச ஆவற வரைக்கும். நான் குறுக்க பேசல.